ஸ்பானிஷ் கற்க வகுப்பா, செல்போனா? பணம் கட்டும் முன் போட வேண்டிய ஒரு கணக்கு

'மூன்றே மாதத்தில் ஸ்பானிஷ், பி2 சர்டிபிகேட் கேரண்டி' என்று ஒரு பக்கம் விளம்பரம். 'வகுப்பெல்லாம் வேஸ்ட், செல்போன் ஒன்று போதும்' என்று இன்னொரு பக்கம் வீடியோக்கள். இரண்டுக்கும் நடுவில், கையில் கொஞ்சம் பணத்தையும் மாலையில் ஒரு மணி நேரத்தையும் வைத்துக்கொண்டு குழம்பி நிற்பவர்கள் ஏராளம்.

குழப்பம் நியாயமானதுதான். ஸ்பானிஷ் 20 நாடுகளின் அலுவல் மொழி, ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று. அமெரிக்காவில் மட்டும் 4 கோடிக்கும் அதிகமானோர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். அதனால்தான் ஐ.டி., பி.பி.ஓ. நிறுவனங்களில் 'ஸ்பானிஷ் தெரிந்தவர் தேவை' என்று வேலைகள் வருகின்றன. ஸ்பெயினில் மேற்படிப்பு, மெக்சிகோ கிளையன்ட், அமெரிக்காவில் மருத்துவமனை வேலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். தப்பான வழியைத் தேர்ந்தெடுத்தால் பணம் போவது ஒரு பங்கு என்றால், வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டிய வருடம் கைவிட்டுப் போவது இன்னும் பெரிய பங்கு.

அப்படியானால் வகுப்பா, சொந்தப் படிப்பா? அதற்கு முன், ஒரு மொழி வகுப்பில் நாம் உண்மையில் எதை விலைக்கு வாங்குகிறோம் என்று பார்த்துவிடலாம்.

மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. அதன் கணக்குப்படி, ஆங்கிலம் பேசுபவர் வேலைக்குப் போதுமான அளவு ஸ்பானிஷ் கற்க 600 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு தேவை. இருப்பதிலேயே எளிதான மொழிகளின் பட்டியலில் ஸ்பானிஷ் இருக்கிறது. (அதே நிலையம் தமிழுக்குப் போட்டிருக்கும் கணக்கு ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல். நாம் சும்மா கற்றுக்கொண்ட மொழியின் மதிப்பு இது!) இந்த மணிக்கணக்கில் வகுப்பு நேரம் மட்டும்தான் வருகிறது. அது போக தினமும் சில மணி நேரம் சொந்தமாகவும் படிக்க வேண்டும் என்பது அங்கே விதி.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு விளம்பரங்களைப் பாருங்கள். மூன்று மாதம் என்பது 90 நாள். 600 மணி நேரத்தை 90 நாளில் முடிக்க, ஞாயிறு, தீபாவளி எதுவும் பார்க்காமல் தினமும் ஆறரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். முழுநேரமாக அப்படிப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால், வாரக் கடைசியில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் நடக்கும் வகுப்பில் 600 மணி நேரம் சேர 150 வாரம், அதாவது கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகும்.

ஆக, வகுப்பில் சேர்ந்தாலும் பெரும்பகுதியை நாமேதான் படித்தாக வேண்டும். 'வகுப்பா, சொந்தமாகவா' என்ற கேள்வியில் சொந்தப் படிப்பு என்ற பாதி எப்படியும் உறுதி. மிச்சம் இருப்பது, எதற்காக மட்டும் காசு கொடுப்பது என்ற கேள்விதான்.

வகுப்பில் நீங்கள் பேசுவது எத்தனை நிமிடம்?

ஒரு வகுப்பில் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு ஒன்றரை மணி நேரம். ஆசிரியர் பாதி நேரம் பேசுகிறார், மீதி 45 நிமிடம் மாணவர்களுக்கு. ஆளுக்குக் கிடைப்பது இரண்டேகால் நிமிடம். இப்படி 40 வகுப்புகள், மொத்தம் 60 மணி நேரம் முடிந்த பிறகு, நீங்கள் ஸ்பானிஷ் பேசிய நேரம் ஒன்றரை மணி நேரம்.

அதே ஒன்றரை மணி நேரத்தை வேறு விதமாகவும் அடையலாம். தனி ஆசிரியருடன் அரை மணி நேரம் ஆன்லைனில் உட்கார்ந்தால், அதில் பாதியாவது நீங்கள் பேசுவீர்கள். ஆறு முறை உட்கார்ந்தால் 90 நிமிடம் வந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு நியாயமும் சேர வேண்டும். நல்ல ஆசிரியர் 20 பேரையும் இரண்டிரண்டாகப் பிரித்துப் பேச விடுவார். அப்போது ஒரே நேரத்தில் பத்து ஜோடி பேசும், இரண்டேகால் நிமிடம் இருபது நிமிடமாகும். அதனால் டெமோ வகுப்புக்குப் போகும்போது பாடப்புத்தகம், ஏ.சி. அறை, ஸ்மார்ட் போர்டு இதையெல்லாம் பார்க்க வேண்டாம். வாட்சைப் பார்த்து, மாணவர்கள் எவ்வளவு நேரம் வாய் திறக்கிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். ஒரு மணி நேரமும் ஆசிரியரே இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தால், அந்த இலக்கணம் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது.

தமிழ் தெரிந்தவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஆப்களும் சரி, நம்மூர் வகுப்புகளும் சரி, பெரும்பாலும் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுக்கின்றன. ஆனால் ஸ்பானிஷின் பல இடங்கள் ஆங்கிலத்தை விடத் தமிழுக்குத்தான் கிட்டத்தில் இருக்கின்றன.

'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதை ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் கஃபே' என்பார்கள். 'மே' என்றால் எனக்கு. 'குஸ்தா' என்றால் பிடிக்கும். ஆங்கிலத்தில் 'ஐ லைக்' என்று யோசிப்பவர் 'நான் பிடிக்கிறேன்' என்ற தினுசில் வாக்கியம் போட்டுத் திணறுவார். தமிழில் யோசிப்பவருக்கு அது நேராக வந்து உட்கார்ந்துவிடும். 'எனக்குத் தலை வலிக்குது' என்பதும் அப்படியே: 'மே துவேலே லா கபேசா'.

வினைச்சொல்லின் விகுதியே யார் என்று சொல்லிவிடும். 'ஆப்லோ' பேசுகிறேன், 'ஆப்லாஸ்' பேசுகிறாய், 'ஆப்லாமோஸ்' பேசுகிறோம், 'ஆப்லான்' பேசுகிறார்கள். நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பள்ளியில் தன்மை, முன்னிலை, படர்க்கை படித்தவருக்கு இது பழைய பாடம். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு: 'தூ', 'உஸ்தேத்'.

'இருக்கிறேன்' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினைகள் இருப்பதுதான் ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களை அதிகம் அலைக்கழிக்கும் இடம். தமிழ் வழியாகப் பாருங்கள். 'அவர் டாக்டர்' என்று சொல்லும்போது நாம் 'இரு' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அங்கே ஸ்பானிஷில் 'எஸ்' வரும். 'அவர் வீட்டில் இருக்கார்' என்று நாம் 'இரு' போடும் இடத்தில் 'எஸ்தா' வரும். எல்லா இடத்துக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தாது என்றாலும் தொடக்கத்தில் பெரும்பாலான வாக்கியங்களை இது காப்பாற்றும். 'எஸ் அபுர்ரிதோ' என்றால் ஆள் ஒரு போர் ஆசாமி. 'எஸ்தா அபுர்ரிதோ' என்றால் அவருக்கு இப்போது போர் அடிக்கிறது. மாற்றிச் சொல்லிவிட்டால் மேனேஜர் கோபித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வேற்றுமையையும் விட்டுவிட முடியாது. 'படம் பார்த்தேன்' என்கிறோம், 'ஐ' உருபு இல்லை. 'ராமனைப் பார்த்தேன்' என்று சொல்லும்போது 'ஐ' கட்டாயம் வருகிறது, 'ராமன் பார்த்தேன்' என்றால் அர்த்தமே மாறிவிடும். ஸ்பானிஷிலும் படத்தைப் பார்த்தால் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. ஆளைப் பார்த்தால் பெயருக்கு முன் ஒரு 'அ' சேர்க்க வேண்டும்: 'பி அ ரமோன்'. ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் தனி அத்தியாயம் ஒதுக்கி விளக்கும் விதி இது. உயர்திணை, அஃறிணை தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

உச்சரிப்பிலும் இப்படித்தான். ஸ்கூலை 'இஸ்கூல்', ஸ்டேஷனை 'இஸ்டேஷன்' என்று சொல்லும் பாட்டியை நாம் கிண்டல் செய்வோம். ஸ்பானிஷ்காரர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள்: பள்ளி 'எஸ்குவேலா', நிலையம் 'எஸ்தாசியோன்'. சொல் 'ஸ்' என்ற ஒற்றில் தொடங்கி அடுத்து இன்னொரு மெய் வந்தால் முன்னால் ஓர் உயிரெழுத்து ஒட்டிக்கொள்ளும். பாப்பா, தாத்தா, காக்கா என்று சொல்லும்போது நம் வாயிலிருந்து காற்று வெடித்து வராது, ஸ்பானிஷிலும் வராது. 'ஒன்றுமில்லை' என்பதற்கான 'நாதா' என்ற சொல்லைத் தமிழில் எழுதி அப்படியே வாசித்தாலே உச்சரிப்பு ஏறக்குறைய சரி. 'நாளை' என்பதற்கான 'மஞானா'வில் வருவது நம் ஞாயிற்றின் 'ஞா'தான்.

'பெரோ' என்றால் ஆனால். நாக்கை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய். கன்னியாகுமரிப் பக்கம் ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துச் சொல்பவர்களுக்கு இது சுலபம், மற்றவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி தேவை.

இதெல்லாம் எதற்கு என்றால், தொடக்க நிலையில் ஸ்பானிஷ் அடிப்படையைச் சொந்தமாகவே போட்டுக்கொள்ளத் தமிழர்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒரே நிபந்தனை, நோட்டுப் புத்தகத்தில் அர்த்தத்தை ஆங்கிலத்தில் எழுதாமல் தமிழில் எழுத வேண்டும். வகுப்பில் சேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

சொந்தமாகப் படித்தால் எங்கே இடிக்கும்?

தள்ளுபடி எல்லாப் பொருளுக்கும் கிடையாது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பது அஃறிணைக்குப் பழகிய நமக்குக் கடைசி வரை உறுத்தும். 'ஆ'வில் முடிந்தால் பெண்பால், 'ஓ'வில் முடிந்தால் ஆண்பால் என்று ஆப் சொல்லிக்கொடுக்கும். பிறகு பார்த்தால் கை, 'லா மானோ', பெண்பால். பிரச்சினை, 'எல் ப்ரோப்ளேமா', ஆண்பால்.

இதை விடப் பெரிய சிக்கல், தன் தவறு தன் காதுக்கே கேட்காமல் போவது. தமிழில் குறில், நெடில் பொருளை மாற்றும். ஸ்பானிஷில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பது பொருளை மாற்றும். 'ஆப்லோ' என்று முதல் அசையை அழுத்தினால் பேசுகிறேன். அதே சொல்லில் கடைசி அசையை அழுத்தினால் பேசினார். 'பாபா' என்று முதல் அசையை அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு. கடைசி அசையை அழுத்தினால் அப்பா! எல்லா அசையையும் ஒரே மட்டத்தில் சொல்லிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு ஆரம்பத்தில் காதில் விழாது. காதில் விழாத தவறைத் தானாகவே திருத்திக்கொள்ள முடியாது.

இறந்தகாலமும் ஒன்றல்ல, இரண்டு. 'நேற்று அங்கே சாப்பிட்டேன்' என்பதற்கு 'கொமீ'. 'சின்ன வயசில் தினமும் அங்கேதான் சாப்பிடுவேன்' என்பதற்கு 'கொமீயா'. படிக்கும்போது இரண்டும் புரியும். அவசரத்தில் பேசும்போது எது வாயில் வருகிறது என்பதுதான் கேள்வி. 'நீ வரணும்னு ஆசை' என்பது போல ஆசை, சந்தேகம், வேண்டுகோள் வரும் இடங்களில் வினைச்சொல்லே வேறு உருவம் எடுக்கும். பி1 நிலையில் சொந்தப் படிப்பாளர்கள் தேங்கி நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இது பற்றி மொழி ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒரு பழைய சண்டை உண்டு. புரிகிற அளவில் நிறையக் கேட்டாலும் படித்தாலும் போதும், மொழி தானாக வரும் என்றார் அமெரிக்காவின் ஸ்டீபன் கிராஷன். கனடாவின் மெரில் ஸ்வெய்ன் 1985-ல் இதற்குப் பதில் சொன்னார். அங்கே ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் பல வருடம் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்திருந்தார்கள். பிரெஞ்சைப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணத் தவறுகள் அப்படியே இருந்தன. கேட்பது மட்டும் போதாது, வாய் திறந்து பேசியும் ஆக வேண்டும் என்பது அவர் வாதம்.

செல்போனில் ஸ்பானிஷ் படிப்பவர் பெரும்பாலும் அந்தக் கனடாக் குழந்தைகளின் நிலையில்தான் இருக்கிறார். நான்கு விடைகளில் சரியானதைத் தொடுவது ஒரு திறமை, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வாக்கியத்தை உருவாக்குவது வேறொரு திறமை. 300 நாள் தொடர்ச்சியாக ஆப் திறந்தவர், எதிர்முனையில் மெக்சிகோக்காரர் 'ஹலோ' சொன்னதும் திக்குவதற்குக் காரணம் இதுதான்.

சரி, ஏ.ஐ. இருக்கிறதே?

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை வந்த பிறகு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். எழுதியதைத் திருத்தவும், 'இங்கே ஏன் எஸ்தா வந்தது, தமிழில் விளக்கு' என்று கேட்கவும் இவை நன்றாகவே உதவும். ராத்திரி 11 மணிக்கும் அலுத்துக்கொள்ளாது. குரலில் பேசிப் பழகவும் வசதி இருக்கிறது.

அந்தப் பொறுமையில்தான் குறையும் இருக்கிறது. நீங்கள் அரைகுறையாகச் சொன்னாலும் அது ஊகித்துப் புரிந்துகொண்டு உரையாடலைத் தொடர்ந்துவிடும். உச்சரிப்புத் தவறைப் பல நேரம் சொல்லாது. சில நேரம் தப்பான விளக்கத்தையும் அடித்துச் சொல்லும். பில் தொகை தப்பாக வந்த கோபத்தில் போன் செய்யும் வாடிக்கையாளர் இவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டார். எழுத்துக்கு ஏ.ஐ., பேச்சுக்கு மனிதர் என்று பிரித்துக்கொள்வது இப்போதைக்குப் பாதுகாப்பு.

யாருக்கு எது பொருந்தும்?

வகுப்பு மூன்று பொருள்களைச் சேர்த்து விற்கிறது: பாடம், கட்டாயம், திருத்தம். இதில் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டாயம் சிலருக்குத் தேவை, சிலருக்குத் தேவையில்லை. திருத்தம் மட்டும் எல்லோருக்கும் தேவை, அதுவும் இன்னொரு மனிதரிடமிருந்து.

உங்களுக்குக் கட்டாயம் தேவையா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பணம் எதுவும் கட்டாமல் ஆறு வாரம், தினமும் அரை மணி நேரம் சொந்தமாகப் படித்துப் பாருங்கள். 'லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர்' என்ற இலவச ஆப்பில் ஸ்பானிஷுக்கு 90 ஆடியோ பாடங்கள் உள்ளன, பஸ்ஸில் போகும்போதே கேட்கலாம். ஆங்கிலம் வழியாகத்தான் நடக்கிறது, ஆனால் மனப்பாடம் செய்ய விடாமல் யோசிக்க வைக்கும். யூடியூபில் 'டிரீமிங் ஸ்பானிஷ்' சேனலில், படம் வரைந்தும் சைகை காட்டியும் ஸ்பானிஷிலேயே பேசும் தொடக்கநிலை வீடியோக்கள் இருக்கின்றன. சொற்களை மறக்காமல் இருக்க 'ஆங்கி' என்ற ஆப். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. இந்த மூன்றுக்கு மேல் இறக்க வேண்டாம். பத்து ஆப் வைத்திருப்பவர் பெரும்பாலும் எதையும் முடிப்பதில்லை.

ஆறு வாரத்தில் நான்கு வாரமாவது உட்கார்ந்திருந்தால், மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய் வகுப்பில் கட்டத் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வைத்து வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை தனி ஆசிரியரிடம் பேசலாம். ஐடாக்கி, பிரெப்ளி போன்ற தளங்களில் மணிக்கணக்குக்கு ஆசிரியர் கிடைக்கிறார்கள், முதலில் ஒரு சோதனை வகுப்பு எடுத்துப் பார்க்கலாம். போய் உட்கார்ந்ததும் 'பாடம் நடத்துங்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். 'நான் பேசுகிறேன், தவறை எழுதி அனுப்புங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தத் தவறுப் பட்டியல்தான் அடுத்த வாரத்துப் பாடத்திட்டம்.

ஆறு வாரத்தில் பத்து நாள்கூடத் தேறவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வேலை, வீடு, குழந்தை என்று இருப்பவர்களுக்குக் குறித்த நேரத்தில் ஒருவர் காத்திருப்பதும், கூடப் படிப்பவர்கள் 'நேத்து ஏன் வரலை' என்று கேட்பதும் பெரிய பலம். அவர்களுக்கு வகுப்புதான் லாபம். கல்லூரியிலேயே ஸ்பானிஷ் பாடமாக இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடலாம். மொழிபெயர்ப்பு, ஆசிரியர் பணி என்று ஸ்பானிஷையே தொழிலாக்க நினைப்பவர்களுக்கு வார வகுப்பெல்லாம் போதாது. டெல்லி ஜே.என்.யு., ஐதராபாத் இஃப்லு போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டமே படிக்கலாம்.

ஆறு மாதத்துக்குள் தேர்வோ நேர்முகமோ இருக்கிறவர்கள் கதை வேறு. அவர்களுக்குச் சோதித்துப் பார்க்க நேரம் இல்லை. சின்ன வகுப்பாகவோ தனி ஆசிரியராகவோ, அந்தத் தேர்வின் கேள்வித்தாளை நன்கு அறிந்தவரிடம் நேராகப் போவதுதான் சரி.

எந்த ஊர் ஸ்பானிஷ்?

வகுப்பில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது, ஆனால் யாரும் கேட்பதில்லை. 'கார்' என்பதற்கு ஸ்பெயினில் 'கோச்சே', கொலம்பியாவில் 'காரோ', அர்ஜென்டினாவில் 'ஆட்டோ'. நண்பர்கள் பலரைப் பார்த்து 'நீங்கள்' என்று சொல்ல ஸ்பெயினில் 'போசோத்ரோஸ்', அட்லாண்டிக்கைத் தாண்டினால் 'உஸ்தேதேஸ்'. வினை விகுதியும் அதற்கேற்ப மாறும். ஒன்று தெரிந்தால் மற்றது புரியும், மதுரைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் மாதிரி. ஆனால் காது பழக நாளாகும். அமெரிக்க, மெக்சிகோ வாடிக்கையாளர்களுடன் பேசும் வேலைக்குத் தயாராகிறவர் லத்தீன் அமெரிக்க ஆசிரியரைத் தேடுவது நல்லது. பி1 தாண்டியவர்கள் 'ரேடியோ ஆம்புலாந்தே' பாட்காஸ்ட்டைக் கேட்கலாம். லத்தீன் அமெரிக்க நாடுகளின் உண்மைக் கதைகள், எழுத்து வடிவமும் அதன் தளத்தில் கிடைக்கிறது.

சர்டிபிகேட் விஷயம்

வகுப்பு முடிந்ததும் பயிற்சி மையம் கொடுக்கும் சர்டிபிகேட் அந்த மையத்தில் நீங்கள் படித்ததற்கான சான்று, அவ்வளவுதான். உலக அளவில் செல்லுபடியாகும் தேர்வுகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று 'டெலே'. ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரில் செர்வாந்தெஸ் நிறுவனம் வழங்குவது, ஒருமுறை தேர்ச்சி பெற்றால் ஆயுள் முழுக்கச் செல்லும். ஸ்பெயின் குடியுரிமை கேட்பவர்களில் ஸ்பானிஷ் அலுவல் மொழியாக இல்லாத நாட்டுக்காரர்கள் பொதுவாக ஏ2 அல்லது அதற்கு மேற்பட்ட நிலை டெலே எழுத வேண்டும். இன்னொன்று 2016-ல் தொடங்கிய 'சியெலே'. கம்ப்யூட்டரில் எழுதுவது, பாஸ், ஃபெயில் கிடையாது, 1,000-க்கு இத்தனை மதிப்பெண் என்று வரும், ஐந்து வருடம் செல்லும். வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், நிறுவனம் எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டலாம்.

இரண்டையும் எழுத வகுப்பில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. டெல்லியில் மையம் வைத்திருக்கும் செர்வாந்தெஸ் நிறுவனமே தன் ஆன்லைன் பாடத்தை ஆசிரியருடன் ஒரு விதமாகவும், ஆசிரியர் இல்லாமல் இன்னொரு விதமாகவும் விற்கிறது.

ஆனால் டெலே மதிப்பெண் போடும் முறையைக் கவனிக்க வேண்டும். ஏ1 முதல் பி2 வரை தேர்வு இரண்டு பாதியாக இருக்கும். வாசிப்பும் எழுத்தும் சேர்த்து 50, கேட்பதும் பேசுவதும் சேர்த்து 50. ஒவ்வொரு பாதியிலும் 30 எடுத்தாக வேண்டும். முதல் பாதியில் 48 எடுத்து இரண்டாம் பாதியில் 28 எடுத்தால், மொத்தம் 76 இருந்தாலும் தேர்ச்சி இல்லை. வீட்டில் உட்கார்ந்து படித்தவர் மாட்டிக்கொள்வதும், 20 பேர் வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தவர் மாட்டிக்கொள்வதும் இந்த இரண்டாம் பாதியில்தான். மாதிரித் தாள்களும் ஆடியோவும் செர்வாந்தெஸ் தேர்வுத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. தேர்வுக் கட்டணமோ வகுப்புக் கட்டணமோ கட்டும் முன் ஒரு தாளை எடுத்து, பேச்சுப் பகுதிக்கு உங்கள் பதிலை போனிலேயே பதிவு செய்து, ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.